சர்வதேச உறவுகள் படிக்கப் போகிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு

தேவாரம், கோம்பை, பண்ணைப்புரம், ராசிங்காபுரம் என்று நம் பக்கத்து ஊர்களிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் சில பிள்ளைகள் சர்வதேச உறவுகள் படிக்கச் சென்னைக்கும் மதுரைக்கும் டெல்லிக்கும் போகிறார்கள். அரசியல் பாடம் நடத்தியே வயதானவன் என்பதால் கிளம்புவதற்கு முன் என்னிடம் வருவார்கள். "என்ன புத்தகம் சார் வாங்கணும்?" என்பதுதான் எல்லோருக்கும் முதல் கேள்வி. புத்தகம் அங்கே நூலகத்தில் கிடைக்கும். அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்தவற்றை, இங்கே எண் போட்டு எழுதுகிறேன்.

1. "இந்தியா இப்படி நினைக்கிறது", "சீனா கோபமாக இருக்கிறது" என்று தொலைக்காட்சியில் பேசுவார்கள். உங்கள் நோட்டில் அப்படி எழுதாதீர்கள். நினைப்பதும் கோபப்படுவதும் ஆட்கள். எந்த ஆள், எந்த அலுவலகம், எந்தத் தேதி என்று விடாமல் கேட்கிறவருக்குத்தான் இந்தப் படிப்பு பிடிபடும்.

பக்கத்திலிருக்கும் பொட்டிபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்பரப்பர் மலையைக் குடைந்து "இந்தியா" நியூட்ரினோ ஆய்வகம் கட்டப் போவதாக உலகமெல்லாம் செய்தி போனது. யார் அந்த இந்தியா? டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் விஞ்ஞானிகள் திட்டம் போட்டார்கள். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுபடி அனுமதி கொடுத்தது. மதிகெட்டான் சோலைக்கும் பெரியாற்றுக்கும் இடையே புலிகள் நடமாடும் வழித்தடம் கெடும் என்று சொல்லி, 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்துக்கு மறுப்புச் சொன்னது. நடுவில் தண்ணீருக்கும் மலைக்கும் என்ன ஆகுமோ என்று பயந்த பொட்டிபுரத்து ஜனங்கள். இத்தனை பேரும் இந்தியாதான். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் நேர் எதிராகச் சொன்னார்.

இந்த ஆய்வகமே வெளிநாட்டுக்காரன் வேலை என்று மேடையில் பேசியவர்களும் உண்டு. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் அடி ஆழத்தில், வளிமண்டலத்து நியூட்ரினோவை உலகில் முதன்முதலில் பதிவு செய்த குழுக்களில் ஒன்று வேலை செய்தது. அதில் இந்தியர், ஜப்பானியர், பிரிட்டிஷார் மூவரும் இருந்தார்கள். அறிவியல் எல்லை தாண்டி எப்படி நடக்கிறது என்பதும் உங்கள் பாடத்தில் அடக்கம். ஆய்வகம் வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ உங்கள் இஷ்டம். யார் எந்தக் காகிதத்தில் என்ன சொன்னார்கள் என்று பார்க்காமல் எந்தப் பக்கமும் போய் நிற்காதீர்கள்.

2. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள்.

நம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் பேசாத டீக்கடை கிடையாது. 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி அந்த அணைக்காகக் கையெழுத்தான குத்தகைப் பத்திரத்தை முழுதாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? அது நீளமான பத்திரமும் அல்ல. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய், 999 ஆண்டுக் குத்தகை. ஒரு பக்கம் திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசாங்கம். மறு பக்கம் லண்டனில் இருந்த இந்தியாவுக்கான அரசுச் செயலர். அன்றைக்குக் கேரளம் என்று ஒரு மாநிலம் இல்லை, தமிழ்நாடு என்றும் ஒன்று இல்லை. மகாராஜாவுக்காகக் கையெழுத்துப் போட்டவர் திவான் வெம்பாக்கம் ராமையங்கார். அவர் திருவனந்தபுரம் போவதற்கு முன் சென்னை அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர்! எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட்டவர் திருவிதாங்கூரில் இருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹானிங்டன். இந்த இரண்டு பேரையும் தெரிந்துகொண்ட பிறகு "கேரளாக்காரன் எழுதிக் கொடுத்தான்" என்று உங்களால் சொல்ல முடியாது. சமஸ்தானம் என்பது எவ்வளவு சுதந்திரமானது, அதன் திவானை நியமிப்பதில் யாருடைய கை இருந்தது என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவீர்கள். அந்தக் கேள்விதான் பாடம்.

கதைகளையும் தேதியோடு வைத்துப் பாருங்கள். "என் இதயத்து ரத்தத்தால் கையெழுத்திடுகிறேன்" என்று விசாகம் திருநாள் மகாராஜா சொன்னதாகக் கேரளத்தில் பரவலாகச் சொல்வார்கள். அவர் 1885இலேயே காலமாகிவிட்டார். பத்திரம் எழுதியபோது ஆண்டவர் மூலம் திருநாள். நம் பக்கமும் ஒரு கதை உண்டு. பொறியாளர் பென்னிகுவிக் இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் மனைவியின் நகையையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்பது. அவர் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிற பூமி இது, நானும் அவரை வணங்குகிறவன்தான். ஆனால் அணைச் செலவு சென்னை அரசாங்கத்தின் கணக்கில் ஏறிய செலவு. அங்கே வேலை பார்த்த பொறியாளர் மெக்கன்சி 1899இல் பெரியாறு திட்டத்தின் வரலாற்றை எழுதியிருக்கிறார். வெள்ளம் அடித்துப் போனதும், காய்ச்சலில் கூலிகள் செத்ததும், மறுபடி மறுபடி கட்டியதும் அதில் இருக்கின்றன. காட்டு மழையில் அந்த மனிதர்கள் செய்த வேலைக்கு நகை விற்ற கதை தேவையே இல்லை.

பத்திரம் கையெழுத்தானதோடு வரலாறு முடியவில்லை. 1970 மே மாதம் துணை ஒப்பந்தம் போட்டார்கள். ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, மின்சாரம் எடுப்பதற்கும் தனியாகப் பணம் என்றானது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. 1979இல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. உடனே கேரள சட்டமன்றம் அதைத் தடுக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2014 மே 7ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பைக் கட்டாயம் படியுங்கள். சமஸ்தானத்தோடு வெள்ளைக்கார அரசு போட்ட ஒப்பந்தம் 1947இல் காலாவதியாகிவிட்டதா, பழைய ராஜாக்களின் உடன்படிக்கைகளில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்ற 363ஆவது பிரிவு இதற்குப் பொருந்துமா என்று அதில் பக்கம் பக்கமாக வாதம் இருக்கிறது. இரண்டுக்குமே "இல்லை" என்றது நீதிமன்றம். ஓர் அரசு போய் வேறு அரசு வந்தால் பழைய ஒப்பந்தம் யாருடையது என்பது உலகம் முழுக்க இருக்கிற சிக்கல். சோவியத் யூனியன் உடைந்தபோது அதன் அணு ஆயுதத்துக்கும் கடனுக்கும் இதே கேள்விதான் வந்தது. உங்களுக்கு அது பெரியாற்றுத் தண்ணீர் இறங்கி வரும் லோயர் கேம்ப் பக்கத்திலேயே கிடைக்கிறது.

3. மேலே நீதிமன்றம் இருக்கிறதா என்று பாருங்கள்.

போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் இரண்டு மாநிலப் போலீசும் முறைத்துக்கொண்டாலும், இருவருக்கும் மேலே டெல்லியில் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. அதன் உத்தரவை மீறினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். பாக் நீரிணையில் அப்படி யாரும் இல்லை. ராமேஸ்வரத்து மீனவரின் படகை இலங்கைக் கடற்படை பிடித்தால், இரண்டு அரசுகளுக்கும் மேலே போய்க் கதவைத் தட்ட இடமில்லை. ஹேக் நகரத்தில் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறதே என்பீர்கள். அது இரு தரப்பும் சம்மதித்தால்தான் விசாரிக்கும். 1974 செப்டம்பரில் இந்தியா கொடுத்த அறிவிப்பிலும், 2019இல் அதற்குப் பதிலாகக் கொடுத்த அறிவிப்பிலும், காமன்வெல்த் நாடுகளோடு வரும் வழக்குகளுக்குச் சம்மதம் இல்லை என்று எழுதியிருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. பாகிஸ்தான் போட்ட விமான வழக்கு ஒன்றை 2000இல் அந்த நீதிமன்றம் விசாரிக்காமல் திருப்பி அனுப்பியதற்கும் இந்த வாசகமே காரணம்.

உலக அரசு என்று ஒன்று இல்லாத இடத்தில் நாடுகள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் நீங்கள் படிக்கப் போகும் பாடத்தின் அஸ்திவாரம். முதல் பருவத்தில் இதை ஒரு கோட்பாடாகச் சொல்லிக் கொடுப்பார்கள். போடிமெட்டையும் பாக் நீரிணையையும் மனதில் வைத்துக்கொண்டு கேட்டால் உடனே புரியும்.

கச்சத்தீவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் பற்றி இந்தியாவும் இலங்கையும் போட்ட 1974 உடன்படிக்கையில், இந்திய மீனவரும் யாத்திரிகர்களும் பயண ஆவணம் இல்லாமல் தீவுக்குப் போய்வரலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் பிடிக்கக் கூடாது என்றன. மேடைகளில் முதலாவது மட்டும் வரும், அல்லது இரண்டாவது மட்டும் வரும். நீங்கள் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

4. விலை யாருடைய கையில் இருக்கிறது என்று தேடுங்கள்.

நம்மூர்ப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்குப் போகிறார்கள், இருட்டுகிற நேரத்தில் இறங்குகிறார்கள். அவர்கள் பறித்த ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்து, சல்லடையில் சலிக்கப்பட்டு, 8 மில்லிமீட்டருக்கு மேலே தனி, கீழே தனி என்று பிரிந்து போடி ஏல மையத்துக்கு வருகிறது. மாதிரிக் காயை வியாபாரி உள்ளங்கையில் கொட்டிப் பச்சை நிறத்தைப் பார்க்கிறார், ஒன்றை நசுக்கி மோந்து பார்க்கிறார், கணினியில் விலையைத் தட்டுகிறார். அந்த விலை எங்கிருந்து வருகிறது?

குவாத்தமாலாவிலிருந்து வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் அங்கே கோபான் பகுதிக்கு ஏலக்காயைக் கொண்டுபோனார். இன்று உலகத்தில் அதிகம் விளைவிப்பதும் ஏற்றுமதி செய்வதும் அந்தச் சின்ன நாடுதான். அங்குள்ளவர்கள் ஏலக்காயைச் சமையலில் அநேகமாகச் சேர்ப்பதே இல்லை. பெரும்பகுதி சவூதிக்கும் மற்ற வளைகுடா நாடுகளுக்கும் கஹ்வா காபியில் போட. ஆல்ட்டா வெராபாஸ் மலைச்சரிவில் அதைப் பறிக்கிறவர்கள் பெரும்பாலும் கெக்சி மாயா மக்கள். அந்த நாட்டில் 1954இல் அமெரிக்க உளவு அமைப்பு சி.ஐ.ஏ.யின் உதவியோடு ஹாகோபோ ஆர்பென்ஸின் அரசைக் கவிழ்த்தார்கள். அவர் கொண்டுவந்த நிலச்சீர்திருத்தம் யுனைட்டட் ஃப்ரூட் என்ற வாழைப்பழக் கம்பெனியின் நிலத்தில் கை வைத்தது. பிறகு 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் மாயா மக்கள். தேவாரத்துப் பெண்ணும் கோபான் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவருடைய கூலியும் ஒரே சந்தையில் முட்டிக்கொள்கிறது.

2018 ஆகஸ்ட் வெள்ளம் இடுக்கியை நாசமாக்கியது. அடுத்த ஆண்டு விளைச்சல் இல்லாமல், 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2020 நவம்பரில் ஈட்டா, அயோட்டா என்று இரண்டு சூறாவளிகள் அடுத்தடுத்து குவாத்தமாலாவைத் தாக்கி ஆல்ட்டா வெராபாஸில் மலைச்சரிவு ஊரையே மூடியது. அங்கே மழை பெய்தால் இங்கே கணக்குப்பிள்ளை நிமிர்ந்து உட்காருவார்.

மருந்து அடிக்கிற விஷயத்துக்கும் வாருங்கள். காயில் பூச்சிமருந்து எச்சம் கூடுதல் என்று சவூதி நம் சரக்கைத் தடுத்திருக்கிறது. எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்று யார் சொல்வது? ஒவ்வொரு நாடும் சொல்லும். உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்துகிற கோடெக்ஸ் என்ற ஆணையமும் சொல்லும். அந்தக் கோடெக்ஸில் மசாலாப் பொருள்களின் தரத்துக்கென்று ஒரு குழு இருக்கிறது. அதை நடத்துகிற நாடு இந்தியா. முதல் கூட்டம் 2014இல் கொச்சியில் நடந்தது, செயலக வேலை நம் நறுமணப் பொருள்கள் வாரியத்துடையது. ஐ.நா. பாதுகாப்பு சபையைப் பற்றி மாணவர்கள் பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். இந்த மாதிரிக் குழுக்களைப் பற்றி எழுதுவதற்கு ஆளில்லை. உங்களில் யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

5. எதிர்ப்பக்கத்துப் பத்திரிகையைப் படியுங்கள். 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை முற்றியபோது, குமுளிப் பாதை அடைபட்டது. இடுக்கித் தோட்டங்களிலிருந்த நம் ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு காட்டுப்பாதையில் தேவாரம் பக்கம் இறங்கி வந்தார்கள். அதே நாள்களில் இங்கே இருந்த மலையாளிகளும் கடையைப் பூட்டிவிட்டு அஞ்சிக் கிடந்தார்கள். தமிழ்ப் பத்திரிகை முதலாவதை எழுதியது, மலையாளப் பத்திரிகை இரண்டாவதை எழுதியது. மலையாளம் நம் பக்கத்தில் காதில் விழுந்துகொண்டே இருக்கும் மொழி, எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டால் ஒரு கோடை விடுமுறையில் தலைப்புச் செய்தி படிக்கலாம். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் சிங்களமோ அரபியோ ஸ்பானிஷோ ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இலங்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆயிரம் பேர், சிங்களப் பத்திரிகை படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

6. கோட்பாட்டுப் புத்தகங்களைக் கண்டு பயப்பட வேண்டாம். இந்தத் துறைக்கு முதல் பேராசிரியர் பதவி 1919இல், முதல் உலகப் போர் முடிந்த கையோடு, வேல்ஸில் அபெரிஸ்ட்வித் என்ற ஊரில் ஏற்பட்டது. ஈ.எச். கார் 1939இலும் மார்கெந்தாவ் 1948இலும் எழுதியவற்றை முதலாண்டிலேயே படித்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் எந்தப் போருக்கு முன், எந்தப் போருக்குப் பின் எழுதினார்கள் என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். டெல்லியில் 1955இல் இந்திய சர்வதேச ஆய்வுப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அ. அப்பாதுரை. சென்னையில் பாடம் நடத்திவிட்டுப் போனவர், தென்னிந்தியாவின் இடைக்காலப் பொருளாதாரத்தை ஆராய்ந்தவர். உள்ளூர் வரலாற்றில் ஊறியவர்தான் உலக அரசியல் பள்ளியைக் கட்டினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. குறளின் பொருட்பாலில் தூது, வலியறிதல், காலமறிதல், ஒற்றாடல் அதிகாரங்களையும் அர்த்தசாஸ்திரத்தையும் காரோடும் மார்கெந்தாவோடும் சேர்த்துப் படியுங்கள். எல்லாம் நம் முன்னோர் அன்றே சொன்னார்கள் என்று முடிப்பதற்காக அல்ல. எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுபடுகிறது என்று விவாதிப்பதற்காக.

7. ஒப்பந்தத்தில் எண்ணாக வருகிறவர்களை மறக்காதீர்கள்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலையகத்துத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களில் 9,75,000 பேருக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை அப்படி ஆக்கியிருந்தது, அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள்.

மூன்று நான்கு தலைமுறையாகத் தேயிலை பறித்த மக்கள். கண்டியையும் நுவரெலியாவையும் தவிர வேறு ஊரைப் பார்த்திராதவர்கள் அதில் எத்தனையோ பேர். அவர்களுடைய தலைவர் தொண்டமானையும் கலந்து பேசாமல் முடித்த கணக்கு இது. அவர் எதிர்த்தார், பயனில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, கையில் ஓர் அட்டையோடு தெரியாத ஊர்களுக்குப் போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய டான்டீ. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

டெல்லியில் இருந்தவர்களுக்கும் காரணம் இருந்தது. சீனப் போர் முடிந்து இரண்டே ஆண்டு, பக்கத்து நாடு ஒன்றின் நட்பு அவசியம் என்று நினைத்தார்கள். தேர்வில் இந்தக் காரணத்தை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எழுதுங்கள். கூடவே, கலந்து பேசாமல் விட்டது யாரை, ராமேஸ்வரத்தில் இறங்கிய பிறகு அவர்களுக்கு என்ன ஆனது என்றும் ஒரு பத்தி எழுதுங்கள். மலைக்குக் கூலிக்குப் போகிற ஜனங்களுக்கு நடுவில் பிறந்தவர்கள் நீங்கள். இதை நீங்கள் கேட்காவிட்டால் வகுப்பில் வேறு யார் கேட்பார்கள்?

8. ஆங்கிலம் வராதே என்று கூச்சப்படாதீர்கள். தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் படித்து, படித்ததைத் தமிழில் ஐந்து வரியில் எழுதி வையுங்கள். தமிழில் எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், திரும்பப் படியுங்கள். ஓராண்டில் இரண்டு மொழியும் தெளியும்.

9. வேலை கிடைக்குமா என்று அப்பா அம்மா கேட்பார்கள், கேட்பது நியாயம். வெளியுறவுப் பணிக்கு யு.பி.எஸ்.சி. தேர்வு ஒன்றுதான் வழி, ஆண்டுக்கு எடுப்பது மிகச் சிலரையே. அது மட்டும்தான் வேலை என்று நினைத்து ஐந்தாறு ஆண்டுகளைக் கோச்சிங் சென்டரில் கரைக்காதீர்கள். ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வெளிநாட்டு விதிமுறை தெரிந்த ஆள் வேண்டும். அகதிகளுக்கும் வெளிநாடு போகிற தொழிலாளருக்கும் சட்ட உதவி செய்கிற அமைப்புகளுக்கு ஆள் வேண்டும். பத்திரிகைகளுக்கு, மொழிபெயர்ப்புக்கு, மீனவர் சங்கங்களுக்கு, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு வேண்டும். சம்பளம் ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும், அதையும் வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

10. முதல் பருவ விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். போடி ஏல மையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி ஒரு நாள் ஏலத்தை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். அன்றைய உச்ச விலை, சராசரி விலை, வந்த சரக்கு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கியவரிடம் சரக்கு எங்கே போகிறது என்று கேளுங்கள். மறுநாள் மலைக்குப் போகிற ஜீப்பில் வருகிற அக்காவிடம் நாள் கூலி கேளுங்கள். பிறகு குவாத்தமாலா, சவூதி, கொச்சி மூன்று இடத்துச் செய்தியையும் தேடிப் படித்து, பத்துப் பக்கம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். எழுதியதை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பிரதியை ஜீப்பில் பார்த்த அந்த அக்காவிடம் கொடுங்கள், இன்னொன்றை என்னிடம் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து திருத்துவோம்.